சுண்டெலிக்குள் மருந்து போகும் வழி

புற்றுநோய்க்கென்று ஒரு புதிய கதிரியக்க மருந்து ஆய்வகத்தில் உருவாகிறது. அது கட்டியைத் தேடிப்போய் ஒட்டுகிறதா, இல்லை சிறுநீரகத்திலும் ஈரலிலும் தங்கிவிடுகிறதா? மனித உடலில் செலுத்துவதற்கு முன்பே இது தெரிந்தாக வேண்டும். பெரும்பாலும் இதற்கு விடை தருவது 25 கிராம் எடைகூட இல்லாத ஒரு சுண்டெலி.

விடை காணும் பழைய முறை கொடுமையானது. பல எலிகளுக்கு ஊசி போடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சிலவற்றையும், நான்கு மணி நேரம் கழித்துச் சிலவற்றையும், மறுநாள் சிலவற்றையும் கொன்று, உறுப்புகளைத் தனித்தனியே எடைபோட்டுக் கதிர்வீச்சை எண்ணுவார்கள். எண்கள் நம்பகமானவைதான். ஆனால், ஒவ்வொரு நேரத்துக்கும் வேறு வேறு எலி என்பதால், ஒரே உடலில் மருந்து எப்படி நகர்ந்தது என்பதை நேரடியாகப் பார்க்க முடியாது.

உயிரோடு இருக்கும் உடலுக்குள் பார்க்க, 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லியில் ஹால் ஆங்கர் காமா கேமராவை உருவாக்கினார். மருத்துவமனைகளில் இருப்பது அதன் வழிவந்த கருவிதான். அதில் தெளிவாகப் பிரித்துப் பார்க்கக்கூடியது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். எலியின் சிறுநீரகமே அவ்வளவுதான் இருக்கும்.

மருந்திலிருந்து வரும் காமா கதிரை லென்ஸால் குவிக்க முடியாது. அதனால் ஆய்வாளர்கள் ஊசித்துளையிடம் போனார்கள். சன்னல் ஓட்டை வழியாக இருட்டறைச் சுவரில் தெரு தலைகீழாக விழுமே, அதே தத்துவம். துளையிலிருந்து 3 செ.மீ. தள்ளி எலி, மறுபுறம் 15 செ.மீ. தள்ளி உணர்கருவி என்று வைத்தால் பிம்பம் ஐந்து மடங்கு பெரிதாகும். உணர்கருவியில் 3 மி.மீ. மங்கல் இருந்தாலும், எலியின் உடலளவில் அது 0.6 மி.மீ. தான்.

இதற்குக் கொடுக்கும் விலை பெரிது. அரை மில்லிமீட்டர் துளை என்றால், அந்தத் தொலைவில் ஒரு லட்சம் கதிர்களில் ஏறக்குறைய இரண்டுதான் உள்ளே நுழையும். விட்டத்தைப் பாதியாக்கினால் அதிலும் கால்பங்கு. மருந்தின் அளவைக் கூட்டிச் சரிக்கட்டவும் முடியாது, எலி தாங்காது. துளைகளைக் கூட்டுவதே வழி. நெதர்லாந்தின் உத்ரெக்ட்டில் ஃபிரேக் பேக்மன் குழுவினர் 2005இல் அறிவித்த யு-ஸ்பெக்ட் கருவியில், எலியைச் சூழ்ந்து தங்கத்தில் அமைந்த 75 ஊசித்துளைகள் இருந்தன. அரை மில்லிமீட்டர் அளவுக்குப் படம் துல்லியமானது.

சோதனை நடக்கும் விதம் இது. வால் சிரையில் ஒரு சிறு துளி மருந்து. பிறகு ஐசோஃப்ளூரேன் வாயுவில் மயக்கம். மயக்கத்தில் எலியின் உடல் சட்டென்று குளிர்ந்துவிடும் என்பதால் கதகதப்பான படுக்கை. மருந்தோடு பிணைத்திருக்கும் கதிரியக்கப் பொருள் பெரும்பாலும் டெக்னீசியம்-99எம்: 6 மணி நேர அரை ஆயுள், 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர். படத்தில் தைராய்டும் இரைப்பையும் பளிச்சென்று தெரிந்தால் ஆய்வாளர் முகம் வாடிவிடும். பிணைப்பு அறுந்து டெக்னீசியம் தனியே அலைகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கட்டி ஒளிர்ந்தும் சிறுநீரகம் அதைவிட அதிகமாக ஒளிர்ந்தால் இன்னொரு கவலை. சிறு பெப்டைடு மருந்துகளில் இது அடிக்கடி நடக்கும்.

படத்தின் கூர்மையைவிட, அதே எலியை நாளையும் பார்க்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒவ்வொரு எலிக்கும் அதன் முந்தைய படமே ஒப்பீடு. குறைந்த உயிர்களைக் கொண்டு அதிகம் அறியலாம். 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் ஆய்வு விலங்குகளுக்காக வலியுறுத்தியவற்றில் இந்தக் குறைப்பும் ஒன்று.

சிகிச்சைக்குப் பயன்படும் லுட்டீசியம்-177 பீட்டா கதிரோடு 208 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிரையும் வெளியிடுகிறது. ஆகவே கட்டியை அழிக்கும் மருந்தையே, அதன் அரை ஆயுளான ஆறரை நாளுக்கும் மேலாக, அதே எலியில் பின்தொடரலாம். ஆனால் எலியின் சிறுநீரகம் மனிதச் சிறுநீரகம் அல்ல. அதோடு, படத்தில் தெரியும் அளவு சரிதானா என்று பார்க்க, கடைசியில் சில எலிகளின் உறுப்புகளை எடுத்து எண்ண வேண்டியிருக்கிறது, இன்றும்.