மலைச்சரிவில் ஓடும் ‘காண்டூர்’

உடுமலைப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ‘காண்டூர் கால்வாய்’ என்றால் தெரியும். காண்டூர் என்பது ஊரா, அதை வெட்டிய என்ஜினீயரா என்று கேட்டால்தான் விழிப்பார்கள். இரண்டுமல்ல. நிலப்படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்த்து வரையும் கோட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது.

இந்திய சர்வே இலாகாவின் படமொன்றை விரித்துப் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். பச்சை நிறம் காடு. பழுப்புக் கோடுகள் உயரம். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் பொதுவாக 20 மீட்டர் வித்தியாசம். ஆனைமலைச் சரிவில் அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். காங்கயம் வந்தால் விலகிப் போய்விடும்.

இந்த அளவை வேலைக்கு நம் சீமையில் பழைய சம்பந்தம் உண்டு. 1802-ல் பரங்கிமலை அருகே அளக்கத் தொடங்கிய லாம்டன் துரை, தெற்கே வந்தபோது நட்சத்திரம் பார்த்து அட்சரேகை கணித்த இடங்களில் ஒன்று, ஆங்கில ஏடுகள் ‘புச்சபோலியம்’ என்று எழுதும் ஊர். அதன் அட்சரேகை ஏறக்குறைய 11 டிகிரி. பல்லடமும் காங்கயமும் அதே ரேகையை ஒட்டித்தான் இருக்கின்றன.

1961-ல் நேரு தொடங்கி வைத்த பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தில் அந்தப் பழுப்புக் கோடு கால்வாயாயிற்று. பரம்பிக்குளம் தண்ணீர் சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதிக்கு வந்து மின்சாரம் கொடுக்கிறது. அங்கே பள்ளத்தில் இறங்கவிட்டால் திருமூர்த்தி அணைக்கு அது ஏறாது. ஆகவே உயரத்தை விடாமல், மலை வளையும் இடமெல்லாம் தானும் வளைந்து, சுமார் 49 கிலோமீட்டர் நடத்தி வருகிறார்கள். காட்டை அறுத்துக்கொண்டு போவதால் யானை, மான் தவறி விழுவதும் உண்டு. அந்தத் தண்ணீரைத்தான் 3.77 லட்சம் ஏக்கர், நான்கு மண்டலங்களாக முறைவைத்து எதிர்பார்க்கிறது.

ஆனால் மழையையே நம்பிய கொரங்காட்டுக்கு இந்தப் படத்தில் இடமில்லை. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம், மேயும் காங்கயம் மாடுகள். மலையை மீட்டர் கணக்கில் சொல்லும் படம் இவற்றைச் சொல்வதில்லை. பனியன் தொழில் வளர வளர மேய்ச்சல் காடு மனையாகவும் கொட்டகையாகவும் மாறுகிறது. கிராமத்துப் புலப்படத்தில் அதன் எல்லைக்கோடு உண்டு, புல் கிடையாது. எந்தக் காட்டில் எத்தனை மாடு, எத்தனை மாதம் மேயும் என்பதற்கு இன்றும் வேலி கட்டியவரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.