குழம்புச் செலவு

தமிழ்நாட்டில் காசு நெருக்கடியான வீட்டின் சமையல் கணக்கு அரிசியில் தொடங்குவதில்லை. அரிசி அட்டை உள்ள குடும்பங்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ கிடைக்கிறது. அதற்கு முன்பும் 2008 செப்டம்பரிலிருந்து கிலோ ஒரு ரூபாய்தான். உடலுழைப்பு அதிகமுள்ள வீட்டில் 20 கிலோ மாதம் முழுக்க வராது. இன்னும் ஐந்தாறு கிலோ கடையில் வாங்க வேண்டியிருக்கும். ஆனாலும் உலை வைக்க அரிசி இல்லையே என்ற பழைய கவலை பெருமளவு போய்விட்டது. வடித்த சோற்றின்மேல் ஊற்ற என்ன இருக்கிறது என்பதில்தான் இன்று சம்பளம் கரைகிறது. பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், காய், பால், முட்டை, இவற்றை வேகவைக்கும் கேஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் குழம்புச் செலவு என்று சொல்லிவிடலாம். சிக்கனச் சமையல் என்பது இந்தச் செலவை ஆளத் தெரிவதுதான்.

வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-ல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவைக் கொண்டு எடுத்துக்காட்டினார். இந்தியாவில் 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமத்து வீடுகளின் செலவில் ஏறக்குறைய 47 சதவீதமும் நகரத்து வீடுகளில் 40 சதவீதமும் உணவுக்கே போகின்றன. இவை எல்லா வீடுகளுக்குமான சராசரி. வருமானம் குறைந்த வீட்டில் பங்கு இதைவிடப் பெரிது. வாடகையைக் குறைக்க முடியாது, சீட்டுப் பணத்தைத் தள்ளிப்போட முடியாது. அதனால் மாதத்தில் இடி விழுந்தால் முதலில் கை வைப்பது சமையலறையில். அங்கேயும் சோறு குறைவதில்லை. பருப்பு குறைகிறது, முட்டை நின்றுபோகிறது, பாலில் தண்ணீர் கூடுகிறது. வயிறு நிறைந்துவிடுவதால் இந்த இழப்பு வெளியே தெரிவதும் இல்லை. சிக்கனத்தின் பெயரால் நடக்கும் பெரிய நஷ்டம் இதுதான்.

நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 150 கிராம் பருப்போ பயறோ வேக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு நாலரை கிலோ ஆகிறது. 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் ரேஷனில் கிடைக்கின்றன. மீதி மூன்றரை கிலோவைக் கடையில் கிலோ 140 ரூபாய் என்று வாங்கினால் 490 ரூபாய். ஆக மொத்தம் 520. விலை ஏறும், இறங்கும். ஆனால் ஒரு வீட்டின் மாதப் பருப்புக்கு இவ்வளவுதான் வேண்டும் என்ற இந்தத் தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றச் செலவுகளைப் பார்த்தால் எது பெரிது, எது சிறிது என்பது துலங்கும்.

மூன்றரை கிலோவும் துவரையாகவே இருக்க வேண்டியதில்லை. பாசிப்பருப்பு சீக்கிரம் வெந்து கேஸை மிச்சப்படுத்தும். கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. நிலக்கடலையில் அதைவிடக் கூடுதல். கொள்ளு பெரும்பாலும் துவரையைவிட மலிவு. ஒரே ஆழாக்குக் கொள்ளில் வெந்த தண்ணீர் ரசமாகும், வெந்த கொள்ளு மிளகாய், பூண்டு வைத்து அரைத்த துவையலாகும். கொங்கு நாட்டு வீடுகளில் கொள்ளுப் பருப்பு இன்றும் விரும்பிச் சாப்பிடும் சாப்பாடு. அதை ஏழைகள் உணவு என்று ஒதுக்குவதில் எந்த நியாயமும் இல்லை.

பருப்பை வேகவைப்பதிலேயே பாதிச் சிக்கனம் இருக்கிறது. துவரம்பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு குக்கரில் வைத்தால் மூன்று விசிலில் மசியும். புளியையும் தக்காளியையும் முதலிலேயே போட்டுவிட்டால் புளிப்பு ஏறிய பருப்பு இறுகிக்கொள்ளும். எத்தனை விசில் விட்டாலும் முழுசு முழுசாகக் கிடக்கும். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் ஊர்களிலும் இதே தொல்லை உண்டு. பருப்புக்கு மட்டும் குடிநீரை ஊற்றினால் தீர்ந்துவிடும். வெந்தபின் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைக் கிண்ணத்தில் இறுத்துவைத்தால் அது ராத்திரி ரசத்துக்கு. அடியில் இருக்கும் பருப்பு மதியச் சாம்பாருக்கு. சாம்பார் நீர்க்க இருக்கிறதென்று சிலர் அரிசிமாவு கரைத்து விடுவார்கள். அதில் கெட்டி மட்டும்தான் கூடும். அதற்குப் பதில் பொட்டுக்கடலையைப் பொடித்து ஒரு கரண்டி கரைத்துவிட்டால் கெட்டியும் வரும், சத்தும் சேரும். வெந்த பரங்கிக்காயை நாலு துண்டு மசித்துவிடுவதும் நல்ல வழி.

ரேஷன் புழுங்கல் அரிசியைச் சோறாக்கப் பிடிக்காத வீடுகள் அதை வெளியே விற்றுவிடுவதுண்டு. அந்த அரிசி மாவுக்கு அருமையாகப் பொருந்தும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். மூன்று நான்கு தண்ணீர் களைந்து ஊறவைத்தால் மக்கல் வாடை போய்விடும். கைச்செலவு உளுந்துக்கும் கிரைண்டர் ஓடும் கரண்டுக்கும் மட்டுமே. பாக்கெட் மாவு வாங்குகிற வீடு, தனக்கு இலவசமாகக் கிடைத்த அரிசிக்கே மறுபடி காசு கொடுக்கிறது. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளித்தபின் வெங்காயம் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாவாட்ட நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது; வாரத்துக்கு ஒரு முறை ஆட்டி, வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தால் இரண்டாகப் பிரித்து வைத்தால் சமாளிக்கலாம். அது இல்லாத வீட்டில் வாரத்துக்கு இரண்டு முறை ஆட்டுவதைத் தவிர வழியில்லை, அந்த உழைப்பும் செலவுதான் என்பதை வீட்டில் மற்றவர்கள் உணர வேண்டும்.

மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடிந்ததும் பழைய சோறு. சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் இருந்தால் காலைக்கு அடுப்பே வேண்டாம். வடித்த கஞ்சியையும் கீழே ஊற்றக் கூடாது. அரிசியின் பி வைட்டமின்களில் ஒரு பங்கு அதில்தான் இறங்கியிருக்கிறது. உப்புப் போட்டுக் குடிக்கலாம், இல்லையென்றால் ரசத்துக்கும் குழம்புக்கும் ஊற்றலாம்.

காய்கறியில் பணம் வீணாவது பெரும்பாலும் பட்டியலோடு கடைக்குப் போவதால்தான். இன்றைக்குக் கத்திரிக்காய்க் குழம்பு என்று முடிவு செய்துவிட்டுப் போனால் அன்றைய விலையைக் கொடுத்தாக வேண்டும். எது மலிந்திருக்கிறதோ அதை வாங்கி வந்து சமையலை முடிவு செய்பவர்களுக்குக் கிலோவுக்குப் பத்து, இருபது எளிதில் மிஞ்சும். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, விவசாயியே நேரடியாக விற்கும் இடம். அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருப்பதால் வெளியே பேரம் பேசவும் அது கைகொடுக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. தக்காளி இல்லாமல் குழம்பே கிடையாது என்று ஆகிவிட்ட பழக்கத்தின் விலை அது. புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, மாங்காய் போட்ட பருப்பு, எலுமிச்சை ரசம் என்று தக்காளியே படாத சமையல் நம் வீடுகளில் ஏராளம்.

முருங்கைக்கீரையைப் போல மலிவான சத்து வேறில்லை; பல தெருக்களில் அது கேட்டால் ஒடித்துத் தரும் கீரை. இரும்புச் சத்தும் கால்சியமும் நிறைந்த அந்தக் கீரையைப் பொரித்து இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதே இரும்பு சேராமல் போகும். பீர்க்கங்காய்த் தோலில் துவையல், முள்ளங்கி இலையில் பொரியல், கொத்தமல்லிக் காம்பில் ரசம் என்பதெல்லாம் எந்தப் பாட்டிக்கும் தெரிந்தவை.

அசைவம் சாப்பிடும் வீட்டில் மத்தி மீன் பெரிய துணை. சாளை என்றும் சொல்லப்படும் இந்தச் சின்ன மீன் மலிவு. நல்ல கொழுப்பும், முள்ளோடு மெல்ல முடிந்தால் கால்சியமும் கிடைக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறும். அந்த மாதங்களுக்கு என்று முன்கூட்டியே வாங்கிவைத்த கருவாட்டில் நாலு துண்டும் கத்திரிக்காயும் மொச்சையும் போட்டால் ஒரு சட்டிக் குழம்பு மணக்கும்.

புளியும் மிளகாயும் மாசி, பங்குனி வாக்கில் புதிதாகச் சந்தைக்கு வரும்போது ஆண்டுக்குத் தேவையானதை வாங்கி, வெயிலில் காயவைத்து, புளியைக் கொட்டை நீக்கி உப்புப் போட்டு அடைத்துவைப்பது கிராமத்து வழக்கம். ஐம்பது, நூறு கிராமாகப் பாக்கெட்டில் வாங்கும்போது பாக்கெட்டுக்கும் சேர்த்தே காசு போகிறது. மொத்தமாக வாங்க ஒரேயடியாகப் பணம் வேண்டுமே என்பதுதான் ஏழை வீட்டின் சிக்கல். 2023 செப்டம்பர் முதல் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் வரும் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயை வருஷத்தில் ஒரு மாதம் இதற்கென்று ஒதுக்க முடிந்த வீடுகள், அதன்பிறகு பதினொரு மாதமும் சில்லறை விலையிலிருந்து தப்புகின்றன.

கேஸைப் பொறுத்தவரை, 14.2 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று சுவரில் தேதி எழுதிவைப்பதே முதல் வேலை. ஊறவைத்துச் சமைப்பது, மூடிவைத்துக் கொதிக்கவிடுவது, குக்கரின் ஒரே ஏற்றலில் அடியில் பருப்பும் மேல்தட்டில் காயும் வேகவைப்பது ஆகிய மூன்றும் பழகினால் சிலிண்டர் சில நாள் கூடவே வரும்.

சம்பளம் வரும் விதத்தில்தான் வாங்கும் விதமும் அமைகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம். ஞாயிறு சந்தையில் வாரச் சாமான். கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குத் தினக்கூலி; இருபது ரூபாய்க்குப் பருப்பு, முப்பது ரூபாய்க்கு எண்ணெய். மாதச் சம்பள வீட்டுக்கு அண்ணாச்சி கடை நோட்டு. நோட்டில் எழுதி வாங்கும்போது விலை கேட்கும் வாய் அடைத்துப்போகிறது. வேறு கடைக்குப் போகவும் முடியாது. கடன் கொடுக்கும் கடைக்காரர் கெட்ட நாளில் உதவுகிறவர் என்பதும் உண்மை. ஆகவே பருப்பும் எண்ணெயும் ரொக்கத்துக்கு, மற்றவை நோட்டில் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இனி அந்த 520 ரூபாயைக் கொண்டு அளந்து பார்க்கலாம். ஒருவர் வெளியே நாளுக்கு இரண்டு டீ குடிக்கிறார், டீ 12 ரூபாய் என்றால் மாதம் 720 ரூபாய். டாஸ்மாக் கடையில் ஒரு குவார்ட்டரின் விலை ஏறக்குறைய ஒரு கிலோ துவரம்பருப்பின் விலை. வாரத்துக்கு நாலு குவார்ட்டர் என்றால் மாதத்தில் நாலு வீட்டுப் பருப்பு போய்விடுகிறது. பத்து வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கினால் மாதம் 500 ரூபாய் வட்டிக்கு மட்டும். முதல் அப்படியே நிற்கும். 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தும் இந்த வட்டி ஒழிந்தபாடில்லை. அதே 5,000 ரூபாயை மகளிர் சுயஉதவிக் குழுவில் இரண்டு வட்டிக்கு வாங்கினாலும் மாதம் 100 ரூபாய்தான். தோலைத் துவையலாக்கி மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு தண்டல்காரரின் கைக்குப் போகுமானால் அந்தச் சிக்கனத்தால் வீட்டுக்கு ஒரு பயனும் இல்லை. அஞ்சறைப் பெட்டியில் சேரும் சிறுவாட்டுப் பணத்துக்கு உண்மையான மதிப்பு இங்கேதான்: காய்ச்சலுக்கும் பள்ளி நோட்டுக்கும் வட்டிக்குப் போகாமல் காப்பது அது.

பள்ளிச் சாப்பாட்டையும் வீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் 2010 முதல் வாரம் ஐந்து முட்டை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாட்டையும் தருகிறது. பிள்ளைகள் பள்ளியில் முட்டை சாப்பிடும் நாட்களில் வீட்டில் வாங்கும் முட்டை பெரியவர்களுக்கு, முக்கியமாக அம்மாவுக்குப் போகலாம். பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. எல்லோருக்கும் பரிமாறியபின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தில், மாதக் கடைசியின் பற்றாக்குறை முழுவதும் ஒரே தட்டில் வந்து விழுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்கில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள். இதற்குக் காரணங்கள் பல. தட்டில் பருப்பும் கீரையும் குறைவது அவற்றில் ஒன்று.

மாதத்தின் கடைசி வாரத்துக்கு என்று வத்தல், வடகம், பருப்புப்பொடி, கருவாடு, அரைக்கிலோ பயறு ஆகியவற்றை முதல் வாரத்திலேயே தனி டப்பாவில் எடுத்துவைக்கும் வீடுகள் உண்டு. பரிமாறுவதற்கு முன்பே சமைத்தவருக்கு உரிய பருப்பையும் பொரியலையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவைப்பதும் அதே முன்யோசனைதான். இதற்குக் கூடுதலாக ஒரு பைசா செலவில்லை.