படங்காட்டிப் பூச்சியை அறிவித்தல்

மாய விளக்கின் காலம் போய், இன்று அவிநாசி வட்டாரக் கிராமக் கூட்டங்களுக்கும் படம் வீழ்த்தும் கருவி எளிதில் வருகின்றது. ஆயினும் பழைய குறையொன்று நீங்கவில்லை. 2016ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட, தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் அளவினதே. அதனைத் திரையில் முழ நீளம் காட்டினால், ‘இத்தகைய ஈ நம் தோப்பில் இல்லை’ என்று குடியானவர் எழுந்துபோவர். ஆதலின் ஓலைமீது ஒரு நெல்மணியையும் வைத்தே படம் பிடித்தல் வேண்டும். ஒரு படத்திற்கு ஒரு செய்தி போதும். எழுத்து, கடைசி வரிசை முதியவருக்கும் தெரியவேண்டும். முதலில் ஓலையடியில் சுருளாகப் படியும் வெண்மெழுகைக் காட்டுக. அடுத்து, என்கார்சியா குளவி முட்டையிட்டமையால் கறுத்த ஈக்குஞ்சுகளைத் தனியே காட்டிச் சற்று நிறுத்துக. இதனை நோயென எண்ணி மருந்தடிப்போர் தம் துணைவனையே அழிப்பர். இத்தகைய ஓலைத்துண்டொன்று கிடைப்பின், படத்துடன் கூட்டத்தில் கைமாறச் செய்தல் மிக நன்று.