பேரனை வளர்க்கும் பாட்டிக்கு மாதா மாதம் உதவி!

தாய் இறந்து போகிறாள். தந்தையும் கண்ணை மூடி விடுகிறார். பிள்ளை என்ன ஆவான்?

பாட்டி கூட்டிக்கொண்டு போகிறாள். பாட்டி இல்லாவிட்டால் அத்தை இருக்கிறாள், தாய்மாமன் இருக்கிறார். கந்தர்வகோட்டைப் பக்கம் கூலி வேலைக்குப் போகிற பாட்டியும் இதைத்தான் செய்கிறாள். கோட்டைப்பட்டினத்தில் மீன் விற்கிற அத்தையும் இதைத்தான் செய்கிறாள். பாசத்துக்கு யாரும் கணக்குப் பார்ப்பது இல்லை.

ஆனால், பள்ளிக்கூடம் திறந்ததும் செலவு வருகிறது. நோட்டு வேண்டும். செருப்பு வேண்டும். காய்ச்சல் வந்தால் மருந்து வேண்டும். "எங்காவது இல்லத்தில் சேர்த்து விடலாமா?" என்று பாட்டி கலங்குகிறாள். படிப்பை நிறுத்தி, பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறவர்களும் உண்டு.

அவசரப்பட வேண்டாம்! அரசாங்கத்தின் உதவி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தை குடும்பத்தில்தான் வளர வேண்டும் என்பது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கொள்கை. வேறு வழியே இல்லாதபோதுதான் இல்லத்தில் சேர்க்க வேண்டும்.

மாதம் ரூ.4 ஆயிரம்

மத்திய அரசின் திட்டத்துக்கு 'மிஷன் வத்சல்யா' என்று பெயர். 2022-ல் வகுத்த விதிகளின்படி, ஒரு குழந்தைக்கு மாதம் ரூ.4 ஆயிரம் கொடுக்கலாம். பெற்றோரை இழந்து, உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளும் இதில் சேருவார்கள். 18 வயது வரை பெறலாம். கிராமமானால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.72 ஆயிரத்துக்கு மேல் போகக்கூடாது. மற்ற இடங்களில் ரூ.96 ஆயிரம்.

தமிழக அரசும் உதவியது. கொரோனாவில் தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 2021-ல் ரூ.5 லட்சம் வைப்புத்தொகை அறிவித்தது. அவர்களில் உறவினரிடம் வளருகிறவர்களுக்கு மாதம் ரூ.3 ஆயிரம் தனியாக அறிவித்தது.

2025 செப்டம்பர் 15-ந் தேதி 'அன்புக்கரங்கள்' திட்டம் தொடங்கியது. மாதம் ரூ.2 ஆயிரம். முதல் கட்டத்தில் 6 ஆயிரத்து 82 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள்.

யாரிடம் கேட்பது?

புதுக்கோட்டையில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். எந்தத் திட்டம் பொருந்தும் என்று அவர்கள் சொல்லுவார்கள். பெற்றோரின் இறப்புச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பாங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். 1098 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம். தரகர் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

"பணம் வாங்கினால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ?" என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். பிள்ளை உங்கள் வீட்டிலேயே வளர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பணம்!

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பணம் பிள்ளைக்கு உரியது. அவன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகவேண்டும். போகாவிட்டால் உதவி நின்றுபோகலாம்.

அறிவொளிப் பாட்டிகள்

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். அன்று 25 வயதுப் பெண்ணாக இருந்தவருக்கு இன்று ஏறக்குறைய 60 வயது. பேரன், பேத்தி எடுத்திருப்பார்.

அந்தப் பாட்டி தன் மனுவைத் தானே படிக்கலாம்; தானே கையெழுத்துப் போடலாம். படிக்கத் தெரியாத பாட்டி பக்கத்து வீட்டில் இருந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.