நீரோட்டத்தைக் கணக்கிட்ட பெண்மணி

ஆற்றுநீர் பாறையில் மோதிச் சுழல்கிறது. தேநீரைக் கலக்கினால் கோப்பையில் சிறு சுழி தோன்றுகிறது. அடுத்த நொடியில் அந்த நீர் எப்பக்கம், எவ்வளவு வேகத்தில் செல்லும்? இவ்வாறு இடைவிடாமல் நிகழும் மாற்றங்களை விவரிப்பவையே வகைக்கெழுச் சமன்பாடுகள். வானிலையைக் கணிக்கவும் விமானங்களை வடிவமைக்கவும் இவை உதவுகின்றன. இத்துறையில் பெரும்பங்காற்றியவர் ரஷ்யக் கணித அறிஞர் ஓல்கா லடிஷென்ஸ்காயா.

இவர் 1922ஆம் ஆண்டு கொலோகிரிவ் எனும் சிறிய ஊரில் பிறந்தார். கணித ஆசிரியரான தந்தை, மகள்களிடம் ஒரு தேற்றத்தைக் கூறி, அதைத் தாங்களே நிறுவும்படி பணிப்பார். அத்தந்தையை 1937இல் சோவியத் அதிகாரிகள் கைது செய்து சுட்டுக்கொன்றனர். ஈராண்டுகளுக்குப் பின், பள்ளிப் படிப்பைச் சிறப்பாக முடித்த ஓல்காவுக்கு லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் இடம் மறுக்கப்பட்டது. ‘மக்கள் பகைவரின்’ மகள் என்பதே அதற்குக் காரணம். எனினும், அவர் கணிதத்தைக் கைவிடவில்லை. போர்க்காலத்தில் சொந்த ஊருக்குத் திரும்பிப் பள்ளி மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்தார். 1943இல்தான் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர அவருக்கு வாய்ப்புக் கிட்டியது.

திரவங்களின் ஓட்டத்தை விளக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டில் உருவானவை. தொடக்க நிலை தெரிந்தால், அதன்பின் நிகழ்வதைக் காட்டும் தீர்வு எப்போதும் உண்டா? அது ஒன்றுதானா? ஒன்றுக்கு மேற்பட்ட தீர்வுகள் இருந்தால், எதை நம்பிக் கணிப்பது? ஓட்டத்தை நீளம், அகலம் என இரு பரிமாணங்களில் மட்டும் கருதினால், தீர்வு உண்டு என்றும் அது ஒன்றே என்றும் ஓல்கா நிறுவினார். முப்பரிமாண ஓட்டம் குறித்த வினா இன்னும் தீரவில்லை. அதற்கு விடை காண்பவருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு வழங்கப்படும் என்று 2000ஆம் ஆண்டில் கிளே கணிதக் கழகம் அறிவித்தது.

ஓல்கா தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. லெனின்கிராட்டில் பல ஆண்டுகள் ஆய்வுக் கருத்தரங்கை நடத்தி, இளைஞர்களை வளர்த்தெடுத்தார். அவரிடம் பயின்ற லுட்விக் ஃபடேயெவ் கணித இயற்பியலில் உலகப் புகழ் பெற்றார். மற்றொரு மாணவியான நீனா உரால்ட்சேவா, பின்னர் ஆசிரியருடன் இணைந்து நூல் எழுதும் அளவுக்கு உயர்ந்தார்.

ஓல்கா 2004இல் மறைந்தார். வீட்டில் மகள்களுக்குத் தேற்றம் சொல்லித்தந்த ஆசிரியரின் குரலை 1937இல் அடக்கிவிட்டனர். ஆனால், அவர் மூட்டிய கற்கும் ஆர்வம், மகள் வழியாக அடுத்த தலைமுறை மாணவர்களையும் சென்றடைந்தது.