காற்றைத் திணித்தால் குதிரை பிறக்கும்... தெரியுமா?

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும், தெரியுமா? பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் என்ஜினுக்குள் ஊற்றிவிடலாம். காற்றை அப்படி ஊற்ற முடியாது! பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே வருகிற காற்று எவ்வளவோ, அவ்வளவுதான். அந்த எல்லையை உடைக்க, காற்றைப் பிடித்து வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளும் கருவிதான் சூப்பர்சார்ஜர். 1920-களின் நடுவிலிருந்து 1950-களின் தொடக்கம் வரை கிராண்ட் பிரி பந்தயங்களை ஆண்டது இந்த ஒரே யோசனை. அதற்காகப் பொறியாளர்கள் செய்ததையெல்லாம் கேட்டால் வாய் பிளப்பீர்கள்!

அது காருக்காகப் பிறக்கவே இல்லை, தெரியுமா?

பந்தயக் கார்களில் அதிகம் இடம்பிடித்த சூப்பர்சார்ஜரான ‘ரூட்ஸ்’ ஊதியின் காப்புரிமை 1860-ஆம் ஆண்டைச் சேர்ந்தது! அமெரிக்காவின் இண்டியானாவில் கம்பளி ஆலை வைத்திருந்த ரூட்ஸ் சகோதரர்கள் உருவாக்கியது. இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று அனுப்பிய கருவி, அறுபது ஆண்டு கழித்துப் பந்தயக் காரில் ஏறியது. எட்டு வடிவத்தில் இரண்டு சுழலிகள், ஒன்றையொன்று தொடாமல் மயிரிழை இடைவெளியில் சுற்றிச் சுற்றிக் காற்றை வாரித் தள்ளும். அவ்வளவுதான் அதன் ரகசியம்!

காலை அழுத்தினால் 55 குதிரைகள் கூடும்!

மெர்சிடிஸ் எஸ்எஸ்கே காரின் பெயரோடு 27/170/225 என்று மூன்று எண்கள் வரும். முதல் எண் வரிக்கணக்குக்கு. அடுத்தது ஊதி இல்லாதபோது கிடைக்கும் குதிரைசக்தி. கடைசி எண், ஊதி சேர்ந்தபோது கிடைப்பது! ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினால்தான் கிளட்ச் பிடித்து ஊதி சுழலத் தொடங்கும். உடனே காதைப் பிளக்கும் ஒரு அலறல்! முந்தும்போதும் மேடேறும்போதும் சிறிது நேரத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துவார்கள்.

முதல் எதிரி ரோட்டுப் புழுதி!

1923 ஜூலை, பிரான்ஸின் டூர் நகரில் கிராண்ட் பிரி. சூப்பர்சார்ஜர் வைத்த மூன்று ஃபியட் 805 கார்களும் சீறிப் பாய்ந்தன. ஆனால் ஊதியின் வாய் ரோட்டுப் புழுதியையும் கல்லையும் சேர்த்தே விழுங்கியது. மூன்றும் பாதியில் நின்றன! அத்தோடு விட்டார்களா? இரண்டே மாதத்தில், செப்டம்பர் 9 அன்று, மான்சாவில் கார்லோ சலமானோ அதே ஃபியட்டில் வென்றார். சூப்பர்சார்ஜர் கார் கிராண்ட் பிரி ஒன்றை வென்றது அதுதான் முதல் முறை!

படைத்தவருக்கே பிடிக்காத கார்!

புகழ்பெற்ற ‘புளோயர்’ பென்ட்லியை டபிள்யூ.ஓ. பென்ட்லி விரும்பவே இல்லை, தெரியுமா? வேகம் வேண்டுமானால் என்ஜினைப் பெரிதாக்கு என்பது அவர் கட்சி. பந்தய வீரர் டிம் பிர்கின் கேட்கவில்லை. டோரதி பேஜெட் என்ற செல்வப் பெண்மணி பணம் கொடுத்தார். ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் ஊதியை வடிவமைத்தார். ரேடியேட்டருக்கும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் அந்த ஊதி! லெ மான்ஸ் பந்தயம் அதற்கு வசப்படவில்லை. அங்கே 1929-இலும் 1930-இலும் வென்றவை பென்ட்லி நம்பிய 6½ லிட்டர் கார்கள்தான். ஆனால் 1930 பிரெஞ்சு கிராண்ட் பிரியில், குட்டிக் குட்டி புகாட்டிகளுக்கு நடுவே அந்தக் கனத்த கார் இரண்டாவதாக வந்தது!

எரிபொருளே ஏசி!

காற்றை அழுத்தினால் சூடேறும். சூடேறினால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும்; பிஸ்டனே ஓட்டையாகிவிடும். அதற்கு அவர்கள் கண்ட மருந்து மெத்தனால்! ஆவியாகும்போது பெட்ரோலைவிடப் பல மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். எரிபொருளே உள்ளே போய் என்ஜினைக் குளிர வைக்கிறது! ஆனால் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும்.

அப்படியானால் மைலேஜ்?

ஆல்ஃபா ரோமியோ 159 பந்தயக் காரில் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூடக் கிடைக்காது! இதன் மூத்த வடிவமான 158-ஐ ஜோக்கினோ கொலம்போ 1938-இல் வடிவமைத்தபோது, 1.5 லிட்டர் என்ஜினில் சுமார் 195 குதிரைசக்தி. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஊதிகள் வைத்து 1951-இல் அதே அளவு என்ஜினில் சுமார் 420! 1950-இல் கலந்துகொண்ட ஆறு உலக சாம்பியன்ஷிப் பந்தயங்களிலும் வெற்றி. பிறகு அந்தத் தாகமே வினையானது. 1951 ஜூலை 14, சில்வர்ஸ்டோன்: ஆல்ஃபாக்கள் எரிபொருளுக்காக இரண்டு முறை நிற்க, ஊதியே இல்லாத 4.5 லிட்டர் ஃபெராரியில் பந்தய வீரர் கொன்சாலெஸ் முந்திப் போய்விட்டார்!

நம்மூர் பைக்கைவிடச் சின்ன சிலிண்டர்!

பிரிட்டனின் பி.ஆர்.எம். வி16 காருக்கு 16 சிலிண்டர். ஒவ்வொன்றும் சுமார் 93 சிசி. நம் தெருவில் ஓடும் 100 சிசி பைக்கின் சிலிண்டரைவிடச் சிறியது! நிமிடத்துக்கு 12,000 சுற்று. ரோல்ஸ்-ராய்ஸ் செய்து கொடுத்த ஊதி, விமான என்ஜின்களில் இருப்பதுபோல் மையவிலக்கு வகை. சுற்று இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் சுமார் நான்கு மடங்காகும். வளைவிலிருந்து வெளியேறும்போது சக்தி திடீரென்று பீறிட்டு எழும். அதை அடக்கி ஓட்டியவர்களுக்கு ஒரு கும்பிடு!

கடைசியாக, விதிப்புத்தகம் சொல்லும் கணக்கு தெரியுமா?

1938-இல் ஊதி வைத்த என்ஜினுக்கு 3 லிட்டர், வைக்காததற்கு 4.5 லிட்டர் என்று வரம்பு. போருக்குப் பின் அது 1.5-க்கு 4.5 ஆனது. 1954-இல் 750 சிசிக்கு 2,500 சிசி! எதிரி என்ஜின் மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாக இருந்தால்தான் போட்டி சமம் என்று விதி எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள். அழுத்தி அனுப்பிய காற்றுக்கு இதைவிடப் பெரிய பட்டயம் வேறென்ன வேண்டும்!