சைக்கிள் தாங்கி: விலைக்கு முன் எடை

ஹவுகெட்டோவிலிருந்து கோடை விடுமுறைக்குக் குடும்பமாகப் புறப்படும் நாம், காருக்குச் சைக்கிள் தாங்கி வாங்கும்போது விலையைத்தான் முதலில் பார்க்கிறோம். பார்க்கவேண்டியது எடை.

ஹெங்கர்பெஸ்தே எனப்படும் பின் இழுவைக் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பது காரின் கைநூலில் இருக்கும். பல கார்களில் அது 75 கிலோ. தாங்கி 18 கிலோ, மின்சைக்கிள் இரண்டு 50 கிலோ, பிள்ளையின் சைக்கிள் 12 கிலோ என்றால் மொத்தம் 80. வரம்பு கடந்துவிட்டது. மின்கலங்கள் இரண்டையும் கழற்றிக் காருக்குள் வைத்தால் ஏறக்குறைய 6 கிலோ குறையும், 74 ஆகும். தாங்கிக்கென உள்ள வரம்பையும் தனியே பார்க்கவேண்டும்.

இலக்கத்தகடு மறைந்தால், தாங்கியில் பொருத்த மேலதிகத் தகடு ஒன்றை வீதி நிர்வாகத்திடம் பெறலாம். பின்விளக்குகளும் தெரியவேண்டும்.

நெடுஞ்சாலையில் சைக்கிள் கழன்றால், அது விழுவது பின்னால் வரும் இன்னொரு குடும்பத்தின் மீது.